பிரிஸ்கோவில் முதல் ஹாலோவீன்: கமிட்டியில் மாட்டிய தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: “அண்ணா, டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில் வீடு வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. 240 வீடுகள் உள்ள எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கம்யூனிட்டி. சோஷியல் கமிட்டியில் ஹாலோவீனுக்கு உதவி கேட்டார்கள், சரி என்று தலையாட்டிவிட்டேன். சிலர் இது பேய்ப் பண்டிகை, வேண்டாம் என்கிறார்கள். மிட்டாயில் விஷம் கலப்பார்களாமே என்று மனைவி பயப்படுகிறாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?”

தம்பி, ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 மாலையில் குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். முதலில் அந்த விஷ மிட்டாய் பயத்தை இறக்கி வையுங்கள். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதல் வந்த செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முகம் தெரியாத யாரோ ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்து ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் இதே டெக்சாஸில், டியர் பார்க்கில் ஒரு பையன் இறந்தது உண்மை. ஆனால் விஷம் வைத்தது பெற்ற தகப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக. உறை கிழிந்ததையும், வீட்டில் செய்து கட்டிக் கொடுத்ததையும் எடுத்துப் போட்டுவிட்டால் போதும்.

உண்மையான ஆபத்து கார்தான். 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துக் கணக்கை அலசிய ஓர் ஆய்வு, ஹாலோவீன் மாலையில் நடந்து செல்பவர்கள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் முன்பின் வாரத்து மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்றது. 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு அது சுமார் பத்து மடங்கு. காரணம் கண்முன்னால் இருக்கிறது. இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவது நவம்பர் முதல் ஞாயிறுதான். அதனால் அக்டோபர் 31 அன்று உங்கள் பக்கம் சூரியன் மறைய ஏறக்குறைய 6:40 ஆகும். ஆபீஸ் முடிந்து கார்கள் வீடு திரும்புவதும், கறுப்பு உடை போட்ட பொடிசுகள் எதிர்வீட்டு விளக்கைப் பார்த்து ஓடுவதும், இருட்டு இறங்குவதும் ஒரே நேரத்தில். ஆகவே கமிட்டியின் பாதி உழைப்பு தெருவுக்குப் போகட்டும்.

இரண்டு வாரம் முன்பே ஒரு நாள் இரவு ஏழரைக்குக் கம்யூனிட்டி முழுக்க நடந்து பாருங்கள். எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்து அன்றைக்கே புகார் கொடுங்கள், பல்பு மாற்ற நாள் பிடிக்கும். 31-ம் தேதி மாலை 5 மணிக்குள் கார்களை கராஜிலோ டிரைவ்வேயிலோ ஏற்றிவிடும்படி ஒரு வாரம் முன்பும், அன்று காலையும் மெயில் அனுப்புங்கள். ஓரமாக நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து குழந்தை எட்டிப்பார்ப்பதுதான் ஓட்டுபவர் கண்ணில் படவே படாது.

தெருவை அடைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். தெரு சிட்டிக்குச் சொந்தமானதென்றால் அனுமதி இல்லாமல் ஒரு கோன்கூட வைக்கக் கூடாது. கேட் போட்ட தனியார் தெருவாக இருந்தாலும் தீயணைப்பு வண்டிக்கு 20 அடி அகலம் காலியாக இருந்தாக வேண்டும். தன்னார்வலர்களை மூலைகளில் நிறுத்தினால் பளபளக்கும் வெஸ்ட்டும் டார்ச்சும் கொடுங்கள். அவர்கள் வேலை குழந்தைகளை நடைபாதையில் வைத்திருப்பது மட்டுமே. போலீஸ் மாதிரி கை காட்டிக் காரை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு ஒளிரும் குச்சி வாங்கும்போது கழுத்தில் மாட்டுவதை விட்டுவிட்டுக் கையில் போடும் வளையமாக வாங்குங்கள். கழுத்துக் கயிறு கொக்கியிலோ கதவுப்பிடியிலோ சிக்கினால் ஆபத்து. முகமூடியைவிட முகத்தில் வண்ணம் பூசுவது நல்லது, பக்கவாட்டில் வரும் வண்டி தெரியும். உடை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும்.

அடுத்து, ஒரே யோசனையில் ஐந்தாறு பிரச்சினை தீரும் விஷயம். மிட்டாய் தருகிற எல்லா வீட்டையும் டிரைவ்வே கடைசியில், நடைபாதையை ஒட்டி ஒரு மடக்கு மேஜை போட்டு உட்காரச் சொல்லுங்கள். டெக்சாஸின் பல வீடுகளில் வாசலுக்கு ஒன்றிரண்டு படியாவது இருக்கும். சக்கர நாற்காலியில் வரும் குழந்தை கீழேயே நிற்க, அதன் தம்பி மட்டும் மேலே போய் வாங்கி வருவதைப் பார்த்தால் மனசு கேட்காது. மேஜை கீழே வந்துவிட்டால் அந்தக் குழந்தையும் தன் கையால் எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரோலர் தள்ளுபவர்களுக்கும் சுகம். அலங்கார வயரில் யாரும் தடுக்கி விழமாட்டார்கள். கதவு திறந்ததும் பாயும் நாய்த் தொல்லை இல்லை. ஒவ்வொரு முறையும் மணிச்சத்தத்தில் கைக்குழந்தை எழுந்துகொள்ளாது.

மேஜையில் இரண்டு கிண்ணம். ஒன்றில் மிட்டாய். இன்னொன்றில் தின்னாத பொருள்: பென்சில், ஸ்டிக்கர், ஒளிரும் வளையம். இரண்டாவது கிண்ணம் இருக்கும் வீட்டில் நீலப்பச்சை நிறப் பரங்கிக்காய் வைப்பது வழக்கம். டென்னசியில் ஒரு சின்னக் குழு ஆரம்பித்தது, 2014-ல் ஃபேர் (FARE) என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு நாடு முழுக்கக் கொண்டுபோனது. நிஜப் பரங்கிக்காய் வேண்டாம், அட்டையில் வெட்டி வண்ணம் அடித்தாலும் போதும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்துவிட்டால் செய்ததே வீண், வேர்க்கடலைத் தூள் பென்சிலில் ஒட்டிக்கொள்ளும்.

பெரிய சாக்லேட்டுக்கும் ஹாலோவீன் குட்டி சைஸுக்கும் சேர்மானம் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள், சில சமயம் மாறும். குட்டி உறையில் பொருள் பட்டியலும் பல நேரம் இருக்காது. ஆகவே பெரிய பையின் பின்பக்கத்தை வெட்டி மேஜையில் ஒட்டிவையுங்கள். ஒவ்வாமைக் குழந்தையின் அம்மா அதைத்தான் தேடுவார். அமெரிக்கச் சட்டம் பட்டியலிடும் ஒவ்வாமைப் பொருள்கள் 9. ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023-ல்.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இன்னொரு கண்ணி ஜெலட்டின், விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. சைவக் குடும்பம், ஜைனர், முஸ்லிம், யூதர் எல்லோருக்கும் இது முக்கியம். இங்கே விற்கும் ஸ்டார்பர்ஸ்ட், கம்மி பேர் வகை, மார்ஷ்மெல்லோ இவற்றில் பெரும்பாலும் ஜெலட்டின் உண்டு. ஸ்னிக்கர்ஸில் முட்டை வெள்ளை இருக்கிறது, இது நம்மில் பலருக்குத் தெரியாது. ஸ்கிட்டில்ஸ், டம் டம்ஸ், ஸ்மார்ட்டீஸ் என்ற மாத்திரை போன்ற மிட்டாய் ஆகியவற்றில் ஜெலட்டின் இல்லை. கிளப் ஹவுஸ் நிகழ்ச்சிக்கு எச்.ஓ.ஏ. காசில் வாங்கும் மிட்டாயை இந்த மூன்றோடு நிறுத்தினால் யாரும் தன் குழந்தையின் பையைக் கிளறிப் பிடுங்க வேண்டியதில்லை. நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கெட்டி மிட்டாய் தொண்டையில் அடைக்கும், அவர்களுக்கு ஸ்டிக்கரே சரி. அக்டோபர் கடைசியில்கூட உங்கள் ஊர் வெயிலுக்குச் சாக்லேட் இளகும், சூரியன் சாயும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

நீல வாளியோடு வரும் குழந்தை ஆட்டிசம் உள்ளதாக இருக்கலாம். மிட்டாய் கேட்கும்போது சொல்லும் “ட்ரிக் ஆர் ட்ரீட்” என்பதைச் சொன்னால்தான் தருவேன் என்று யாரும் வற்புறுத்த வேண்டாம் என மெயிலில் ஒரு வரி போடுங்கள். நீல வாளி எல்லோரும் ஒத்துக்கொண்ட அடையாளம் இல்லை, எனவே பேசாத எந்தக் குழந்தைக்கும் அதே மரியாதைதான். 5 முதல் 6 வரை சத்தமும் புகையும் மின்னும் விளக்கும் இல்லாத நேரம் என்று அறிவித்துவிடுங்கள். வெட்டி வெட்டி மின்னும் விளக்கு வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது, நடைபாதைப் பக்கம் அதை முழுக்கவே தவிர்க்கலாம்.

பேய்ப் பண்டிகை என்பவர்கள் விஷயம். அவர்களைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள், காரணமும் கேட்காதீர்கள். யெகோவா சாட்சிகள் கொண்டாடுவதில்லை, பல முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும் தவிர்க்கும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தட்டக் கூடாது. நாடு முழுக்க இதுதான் எழுதாத சட்டம், அதையே மெயிலில் எழுத்தில் போடுங்கள். கலந்துகொள்ளாத வீடுகளின் பட்டியல் மட்டும் ஒருபோதும் தயாரிக்காதீர்கள். எல்லோர் சந்தாவிலும் செலவழிக்கும் நிகழ்ச்சியை முந்தைய சனிக்கிழமை பகலில் “ஃபால் ஃபெஸ்டிவல்” என்று வையுங்கள்: பரங்கிக்காய்க்கு வண்ணம் அடிப்பது, விளையாட்டு, ஆப்பிள் சைடர். பேய் வேண்டாம் என்பவர்களும் வருவார்கள். 31-ம் தேதி அவரவர் விருப்பம். மதம், பிறந்த நாடு, குழந்தை இருப்பது, உடற்குறைபாடு என்று பார்த்து எச்.ஓ.ஏ. பாரபட்சம் காட்டுவதை 1968-ன் ஃபேர் ஹவுசிங் சட்டமும் அதன் திருத்தங்களும் தடுக்கின்றன. போர்டில் யாராவது முரண்டு பிடித்தால் இதை நினைவூட்டுங்கள்.

புதிதாக வந்த நமக்குச் சட்டென்று புலப்படாத ஒன்று உண்டு. மரத்தில் தூக்குக்கயிறு, அதில் தொங்கும் பொம்மை. கடையில் விற்கிறதே என்று வாங்கி மாட்டாதீர்கள். கறுப்பினத்தவரை மரத்தில் கட்டித் தூக்கிய கொலைகளின் நினைவு இந்த மண்ணில் இன்னும் ரணம். தோலுக்குக் கறுப்பு பூசிக்கொள்வதும், செவ்விந்தியர் இறகுக் கிரீடத்தை வேஷமாகப் போடுவதும் அதே போலக் காயப்படுத்தும். உடைப் போட்டி வைத்தால் இவற்றுக்கு இடமில்லை என்று விதியிலேயே எழுதுங்கள்.

கிளப் ஹவுஸில் குழந்தைகள் ஏறிக் குதித்து விளையாடும் காற்றடைத்த பவுன்ஸ் ஹவுஸ் வேண்டும் என்பார்கள். வாடகைக் கம்பெனியிடம் எச்.ஓ.ஏ. பெயரையும் சேர்த்த இன்சூரன்ஸ் சான்றிதழ் வாங்கி, நிகழ்ச்சிக்கு முன்பே மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு அனுப்புங்கள். புல்லில் முளை அடிக்கும் முன் ஸ்பிரிங்க்ளர் குழாய் போகும் பாதையைக் கொடி நட்டுக் காட்டுங்கள், இல்லாவிட்டால் முளை குழாயைத் துளைத்துவிடும். ஸ்பிரிங்க்ளர் டைமரை முந்தின நாளே அணையுங்கள். காற்று பலமாக வீசினால் யார் கெஞ்சினாலும் குழந்தைகளை இறக்கி, காற்றைப் பிடுங்கிவிட வேண்டும்.

தீபாவளி இதையொட்டி வரும் வருஷங்களில் (2024-ல் இரண்டும் ஒரே நாள்) வாசற்படியில் அகல் விளக்கு வைக்காதீர்கள். அது சரியாகக் குழந்தைகளின் தொங்கும் பாவாடை உயரத்தில் எரியும், அந்த மலிவுத் துணி பற்றினால் உருகி உடம்பில் ஒட்டும். அகலை உள்ளே சாமி அலமாரியில் ஏற்றிவிட்டு வெளியே பேட்டரி விளக்கு வையுங்கள். முகம்போலச் செதுக்கி வைக்கும் பரங்கிக்காய்க்குள்ளும் பேட்டரி விளக்குதான். கம்பி மத்தாப்பு அந்த ராத்திரி வேண்டவே வேண்டாம்.

பரங்கிக்காயை 29-ம் தேதிக்கு முன் செதுக்காதீர்கள், உங்கள் வெயிலில் மூன்று நாளில் பூஞ்சை பிடித்துச் சரிந்துவிடும். அலங்காரத்தை எந்தத் தேதிக்குள் கழற்ற வேண்டும் என்பது எச்.ஓ.ஏ. விதியில் இருக்கும், அதை மெயிலின் கடைசியில் சேருங்கள். நவம்பர் 1 காலையில் நாலு பேர் பையோடு ஒரு சுற்று வந்து விழுந்த மிட்டாய்களைப் பொறுக்கிவிடுங்கள், சாக்லேட் நாய்களுக்கு விஷம்.