பருவுக்கு எந்த ஜெல்?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. முகப்பருவுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிளிண்டமைசின் ஜெல்லை ஆறு மாதமாகத் தடவுகிறாள். முதலில் நன்றாக அடங்கியது; இப்போது மறுபடி சீழ் வைத்து வருகிறது. கடையில் கிளிண்டமைசினோடு நிகோட்டினமைடு சேர்ந்தது ஒன்று, பென்சாயில் பெராக்சைடு சேர்ந்தது ஒன்று என இரண்டு ஜெல் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?
— வாசகி, பெரம்பூர்

பதில்: இப்போதைய ஜெல்லை முதலில் நிறுத்துங்கள். கிளிண்டமைசின் ஓர் ஆன்டிபயாட்டிக்; அதைத் தனியாகத் தடவவே கூடாது. அது பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு அந்த வேலையைத் தடுக்கிறது. ஒட்டும் இடம் சற்று மாறினாலே மருந்து பலிக்காது. அப்படி மாறிய கிருமிதான் பிழைத்துப் பெருகும். பெரும்பாலும் எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் கூடவே பலனற்றுப் போகும். தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கும் இப்படி மருந்து எதிர்ப்பு வந்துவிடுவதால் இது பருவோடு முடிகிற விஷயமல்ல.

காட்டிய இரண்டில் பென்சாயில் பெராக்சைடு சேர்ந்ததே மேல். அது ஆக்சிஜனேற்றத்தால் கிருமியைப் பல இடங்களில் ஒருசேரத் தாக்குவதால், அதற்குக் கிருமி எதிர்ப்பு பெற்றதாக இதுவரை அறியப்படவில்லை. நிகோட்டினமைடு சிவப்பைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. கிளிண்டமைசின்-அடாபலீன் கூட்டிலும் இதே குறைதான்: அடாபலீன் தோல் துளைகளின் அடைப்பை நன்றாக நீக்கும், எதிர்ப்பைத் தடுக்காது.

ஆனாலும் ஆறு மாதம் ஆகிவிட்டதால், ஆன்டிபயாட்டிக்கே இல்லாத அடாபலீன் 0.1%, பென்சாயில் பெராக்சைடு 2.5% கூட்டு ஜெல் பொருந்துமா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். கிளிண்டமைசின் கூட்டையே அவர் எழுதினாலும் 12 வாரத்துக்கு மேல் நீட்டாமல் இருப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு அடாபலீன் ஆகாது.

இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்தபின் ஒரு பட்டாணி அளவு எடுத்து, பருவின் மேல் மட்டும் வைக்காமல் முகம் முழுக்க மெல்லியதாகப் பூச வேண்டும். கண், உதடு, மூக்கோரம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஜெல். பலர் தோல் உரிகிறதே என்று பத்தாம் நாளே விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பகலில் சன்ஸ்க்ரீன் அவசியம்.

பென்சாயில் பெராக்சைடு துணிச் சாயத்தை வெளுக்கும். தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருக்கட்டும். அது சூட்டில் சிதையும். சென்னை வெயிலில் ட்யூபை வண்டிப் பெட்டியிலோ ஜன்னலோரத்திலோ விடாமல், லேபிளில் போட்டிருக்கும் வெப்ப அளவுப்படி வையுங்கள்.