கீழே படுத்துப் பார்த்தீர்களா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலை மேலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய ஜீப் பற்றித்தான். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

நாகலூர் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம். தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் மண் ரோடு, மழை பிடித்தால் பைக் கூட ஏறாது. கையில் மூன்றரை லட்சம் இருக்கிறது. மஹிந்திரா 540, மாருதி ஜிப்சி, மஹிந்திராவின் பழைய ‘தார்’ ஜீப், இந்த மூன்றில் எது சரி? (தோட்டக்காரர், நாகலூர்)

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்றரை லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். வண்டி இரண்டே முக்கால், மீதி பட்டறைக்கு என்று மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள், ஏனென்றால் பதினைந்து இருபது வருடம் ஓடின ஃபோர் வீல் வண்டி, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, எதுவாக இருந்தாலும் வாங்கின முதல் ஆறு மாதத்தில் ஒரு தொகையைக் கேட்கும், அதைக் கொடுக்காமல் ஓட்டினால் இரண்டாவது வருடம் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும்.

2010-இல் வந்த முதல் ‘தார்’ ஜீப்பில் சி.ஆர்.டி.ஈ. என்கிற காமன் ரெயில் டீசல் என்ஜின் வண்டி நன்றாக இழுக்கும், ஓட்டவும் சுகம். ஆனால் உங்கள் தொகைக்குள் யோக்கியமான வண்டி கிடைப்பது கஷ்டம். இன்ஜெக்டர், பம்ப் என்று கோளாறு வந்தால் நாகலூரில் யாரும் கை வைக்க முடியாது, சேலத்துக்கு இறக்கித்தான் ஆக வேண்டும். ஜிப்சி 1298 சி.சி. பெட்ரோல், சாஃப்ட் டாப் என்றால் எடை ஒரு டன்னுக்குள்தான், அதனால் சேற்றில் கனமான வண்டிகள் மாட்டுகிற இடத்தில் இது லேசாக மிதந்து போகும். நீங்கள் இரண்டு பேர் போய்வர மட்டும் என்றால் ஜிப்சியைத்தான் சொல்வேன். உர மூட்டை, பழ மூட்டை, ஆட்கள் என்று ஏற்றப்போகிறீர்கள் அல்லவா, அதற்கு 2112 சி.சி. டீசல் பெஜோ என்ஜின் போட்ட 540 தான் பொருத்தம். வேகம் கிடையாது, சத்தம் உண்டு, ஆனால் மலையில் எந்தச் சின்னப் பட்டறையிலும் பிரித்துச் சேர்த்துவிடுவார்கள்.

எதை வாங்கினாலும் பாயிலோ சாக்கிலோ படுத்து வண்டியின் அடியைப் பாருங்கள். மேலே அடித்த புதுப் பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் முதன்முதலில் வாங்கின ஜீப்பை நின்றபடியே பார்த்து முடித்தேன், சீட் எல்லாம் புதிது, டாப் புதிது. அந்த ஐப்பசி மழையில் செம்மநத்தம் பக்கம் ஒரு மேட்டில் ஏறும்போது பின்பக்க ஸ்பிரிங் மாட்டுகிற கொக்கி சேசிஸோடு, அதாவது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டத்தோடு, பிய்ந்து வந்துவிட்டது. துருப்பிடித்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்து, அதன் மேல் தாரைப் பூசி விற்றிருந்தார்கள். வண்டியில் அன்று ஆறு பேர் இருந்தோம். நல்லவேளை ஏற்றம், அதுவே இறக்கமாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. அதனால்தான் இதை ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: சேசிஸின் இரண்டு பக்க நீளத்தையும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உளுத்த இடம் மொத்தென்று கேட்கும். ஸ்பிரிங் கொக்கி, பாடி உட்காருகிற போல்ட் இடங்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கிற இடம், இந்த மூன்றிலும் வெல்டிங் தழும்பு இருந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கேயே படுத்திருக்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். முன் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகிற நீளத் தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட், இருக்கிறதா? சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன். மலையில் முன் ஷாஃப்டின் கிராஸ், அதாவது அதன் மூட்டு, உடைந்தால் அப்போதைக்கு ஷாஃப்டையே கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு இரண்டு சக்கரத்திலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே லீவர் இருக்கும், அதுவும் அழகாக விழும், ஆனால் முன் சக்கரம் சுற்றாது. ஷாஃப்ட் இருந்தால் இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள், அதிகமாக ஆடினால் கிராஸ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மண் தரையில் ஃபோர் வீல் போட்டு நேராக மெதுவாக ஓட்டச் சொல்லி, நீங்கள் வெளியே நின்று, ஒரு மேட்டிலோ சேற்றிலோ முன் சக்கரம் இழுக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். லோ கியரும் விழ வேண்டும், விழுந்த கியர் ஆக்சிலேட்டரை விட்டதும் வெளியே துள்ளக் கூடாது.

வாங்கப்போகிற ஜீப் ஸ்டார்ட் பண்ணும்போது புகை விடுகிறது. வாங்கலாமா? (ஓமலூர்)

என்ன கலர் என்று எழுதவில்லையே. காலையில் குளிர்ந்த என்ஜினைத்தான் பார்க்க வேண்டும், நீங்கள் போவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பழைய டீசல் வண்டி காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றால் பரவாயில்லை. நீலமாக வந்தால் ஆயிலை எரிக்கிறது. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அங்கே ரயில் என்ஜின் மாதிரி குபுகுபுவென்று காற்றோடு புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜின் வேலைக்கான செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

போன மாதம் ஒரு பழைய ஜிப்சி வாங்கினேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அடிவாரத்திலிருந்தே ஃபோர் வீல் போட்டு ஏற்காடு ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங் இறுகிப் போய், வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் முக்குகிறது. லீவரும் திரும்ப வர மறுக்கிறது. கோளாறா? (அஸ்தம்பட்டி)

வண்டியில் கோளாறு இல்லை. ஆனால் இப்படியே தொடர்ந்து ஓட்டினால் கோளாறு வந்துவிடும்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன, அதாவது அதிக தூரம் உருள வேண்டும். ஜிப்சி, 540, பழைய தார் இவற்றில் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கர அமைப்பு கிடையாது. சேற்றிலோ சரளையிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது, அதனால் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கிராஸிலும் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லிலும் போய் உட்காரும். நேர் ரோட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. ஏற்காட்டு ரோட்டில் இருபது கொண்டை ஊசி, ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள்.

லீவர் வராவிட்டால் ஓங்கி இழுக்காதீர்கள். சமமான இடத்தில் ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு நாலைந்து மீட்டர் ரிவர்ஸில் வந்தால் முறுக்கு இளகும், லீவரும் தானாக வரும். முன் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் கையால் திருப்புகிற லாக் இருந்தால் அதையும் ஃப்ரீ பக்கம் திருப்பிவிடுங்கள்.

பாதுகாப்புக்காகத்தானே ஃபோர் வீல் போட்டீர்கள், தார் ரோட்டில் அந்தப் பாதுகாப்பு பிரேக்கிலும் கியரிலும் டயரிலும்தான் இருக்கிறது. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கட்டும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் மிதித்து விடுங்கள். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500-ஐத் தொடுகிறது, இந்த இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் டிரம் சூடாகி, பழைய பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். ஆகவே முன்பு வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் இந்த வாரமே முழுதும் வடித்துப் புதிது ஊற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டயரில் அடித்திருக்கிற நாலு இலக்க எண்ணையும் பாருங்கள், 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. மேலே பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு மலை ஏறாதீர்கள். மாற்றும்போது நான்கையும் ஒரே அளவில் மாற்றுங்கள், முன்னே ஒரு அளவு பின்னே ஒரு அளவு இருந்தால் நேர் ரோட்டிலும் மேலே சொன்ன அதே முறுக்கு வரும்.

ஜிப்சி என்றதால் இன்னொன்று, அதன் என்ஜினில் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட் உண்டு. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியிலிருந்து டீசல் ஃபோர் வீல் வண்டி பாதி விலைக்கு வருகிறது என்கிறார் புரோக்கர். நம்பலாமா? (கொண்டலாம்பட்டி)

விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது, டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டின டீசல் வண்டிக்குத் தடை வந்ததால் அங்கே மதிப்பு இறங்கியது. வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. என்கிற ஆட்சேபனையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, கடன் வாங்கியிருந்தால் அது முடிந்ததற்கான படிவம் 35, பேர் மாற்றத்துக்காக விற்பவர் கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 இவை எல்லாம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இங்கே வந்ததும் தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும், அதைக் கூட்டிப் பார்த்த பிறகும் விலை குறைவாக இருந்தால்தான் லாபம். சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யில் உள்ளதோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் டீசல் என்ஜினை வைத்து, ஆர்.சி.யில் ஏற்றாமல் விற்பார்கள், அந்த வண்டி உங்கள் பேருக்கு மாறாது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் தகராறுதான்.

மழைக்காலம் முடிந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்? (வாழவந்தி)

ஓடை தாண்டின வண்டி என்றால் முன் கிரவுன், பின் கிரவுன் (அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டிகள்), டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயில் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள், கூடவே மேலே இருக்கிற மூச்சுக் குழாய் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உறிஞ்சுவது அந்த அடைப்பால்தான். ஷாஃப்ட் கிராஸ் எல்லாவற்றுக்கும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். ஸ்பிரிங் யூ போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை மண் ரோட்டில் ஒரு கிலோமீட்டராவது ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள், அப்போதுதான் முன்பக்கம் எல்லாவற்றிலும் ஆயில் பரவும்.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவருடைய 540 ஷெட்டில் நிற்கிறது, ஆர்.சி. அவர் பேரில், இந்த வருடத்தோடு 20 வருடம் முடிகிறது. எல்லாரும் எடைக்குப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. (வெள்ளக்கடை)

சகோதரி, எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். முதலில் பேப்பர். உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்களுடைய சம்மதமும் வேண்டியிருக்கும். 15 வருடம் முடிந்தபோது அப்பா பதிவைப் புதுப்பித்திருப்பார், அது ஐந்து வருடத்துக்குத்தான், இப்போது மறுபடி படிவம் 25 போட்டு வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. தேதி தாண்டினால் மாதக் கணக்கில் அபராதம் ஏறும், அதனால் பேர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேப்பர் வேலை நடக்கும்போதே, ஷெட்டிலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தி, முதல் பதிலில் சொன்ன மாதிரி ஒரு சின்னச் சுத்தியலால் சேசிஸைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் மற்ற எல்லாமே மாற்றக்கூடியதுதான். பேட்டரியை மாட்டுவதற்கு முன் பழைய டீசலை வடித்துவிடுங்கள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். அப்பாவோடு வேலை பார்த்த மெக்கானிக் யாராவது ஊரில் இருந்தால் அவரையே கூப்பிடுங்கள், அந்த வண்டியில் எந்த போல்ட் எப்போது மாறியது என்று அவருக்குத்தான் தெரியும்.