1, 5, 13, 25… இதன் பொது விதியை எப்படிக் கண்டுபிடிப்பது? 100-ஆவது எண் என்ன?

அடுத்தடுத்த வித்தியாசம் 4, 8, 12. அவற்றுக்குள் மறுபடி கழித்தால் எப்போதும் 4. இரண்டாம் வித்தியாசம் மாறாவிட்டால் விதியில் வர்க்கம் உண்டு, தம்பி. அதில் பாதி, அதாவது 2, வர்க்கத்தின் கெழு (அதைப் பெருக்கும் எண்). இட எண்ணை ந என்று வைத்து 2ந²-ஐக் கழியுங்கள்: −1, −3, −5, −7. அது 1 − 2ந. ஆக விதி 2ந² − 2ந + 1, விடை 19,801.

நாலு எண்ணை மட்டும் வைத்து விதியை நம்பிவிடக் கூடாது. ஏன் என்றும் தெரியவேண்டும். இங்கே ரங்கூனில் பொங்கலுக்கு வாசலில் வைக்கும் நேர்ப்புள்ளிக் கோலமே காட்டிவிடும்: 1, 3, 5, 7, 5, 3, 1 என வைத்தால் 25 புள்ளி. ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றுக்குக் காவி இடுங்கள். சாய்வாகப் பார்த்தால் காவிப் புள்ளிகள் 4×4 சதுரம், வெள்ளைப் புள்ளிகள் 3×3. எத்தனை பெரிய கோலமானாலும் ந² + (ந−1)² தான்; விரித்தால் அதே விதி.