வண்டியே வீடு என்கிற வேலைக்குப் பையனை அனுப்பலாமா?

காரிமங்கலத்திலிருந்து எழுதிய அக்காவுக்கு,

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் உள்ளே இரண்டு இருக்கின்றன. டிப்ளமோ எலக்ட்ரிக்கல் முடித்த பையனை குஜராத்தில் சோலார் பேனல் பொருத்தும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், தனி அறை கிடையாது, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து மாற்றிய டெம்போ டிராவலரில் நான்கு பேர் தங்கி, ஒரு சைட் முடிந்ததும் அடுத்த சைட்டுக்கு அதே வண்டியில் போக வேண்டும், அனுப்பலாமா என்பது ஒன்று. ஒரு வருடம் கழித்து அதே மாதிரி வண்டியைத் தானே வாங்கிச் சொந்தமாக காண்டிராக்ட் எடுக்கப் போகிறேன், மாந்தோப்புப் பத்திரத்தை வைத்து லோன் போட்டுக் கொடுங்கள் என்று அவன் கேட்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், சில காகிதங்களைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இரண்டாவதற்கு, இப்போது வேண்டாம்.

வண்டியில் குடித்தனமா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பார்த்ததில்லையா அக்கா? போர்வெல் போடும் அந்த வண்டிகள் கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரைக்கும் போய் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும், ஆட்கள் லாரியிலேயே சமைத்து லாரிக்கு அடியிலேயே தூங்குவார்கள். நாமக்கல் ஜில்லாவில் அது எத்தனையோ வருடமாக நடக்கும் தொழில், யாரும் அதைக் கேவலமாகப் பேசுவதில்லை. உங்கள் பையனுக்குக் கிடைத்திருப்பது அதைவிட வசதியான ஏற்பாடுதான். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனாலும் ஓர் அறையில் ஐந்தாறு பேரோடு படுத்து, வாடகையும் மெஸ் காசும் போக மிச்சம் பார்க்க வேண்டும். இங்கே வாடகை மிச்சம். அதனால் வண்டியை நினைத்துக் கவலைப்படாதீர்கள், வேலை யார் பேரில், எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

பெரிய சோலார் பார்க் வேலைகள் பல கை மாறி வரும். மேலே ஒரு பெரிய கம்பெனி, அதற்குக் கீழே காண்டிராக்டர், அவருக்குக் கீழே சப் காண்டிராக்டர். பையனைக் கூப்பிடுவது பெரும்பாலும் கடைசி ஆள்தான். அதில் தப்பில்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் "வந்துடு தம்பி, பாத்துக்கலாம்" என்று சொன்னதை நம்பி ரயில் ஏற்றாதீர்கள். நியமனக் கடிதம் கேளுங்கள். அதில் சம்பளம் தனியாகவும் நாள்படி தனியாகவும் எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறவர்கள், மழை பெய்து சைட் நின்ற நாட்களில் நாள்படியை வெட்டும்போது சம்பளத்திலும் கை வைப்பார்கள். ஒரு சைட்டுக்கும் அடுத்த சைட்டுக்கும் நடுவில் சும்மா இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று பையனையே நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, கேட்காதவனுக்குத்தான் கிடைக்காது.

அப்புறம் பிஎஃப். அவன் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12 சதவீதம் என்பது எல்லாருக்கும் தெரியும். பிஎஃப் கணக்கோடு ஓர் ஆயுள் காப்பீடும் ஒட்டிக்கொண்டு வருகிறது, வேலையில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு விஷயம் வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் அது உண்டு. உங்கள் பையனுக்கு 22,000 என்று எழுதியிருக்கிறீர்கள், ஆயிரம் ரூபாய் கூடுதலால் இஎஸ்ஐ போய்விடுகிறது. அப்படியானால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் டபிள்யூ.சி. பாலிசி போட்டிருக்கிறார்களா, அதில் இவன் பெயர் இருக்கிறதா, விபத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவை யார் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். மின்சார வேலை இது. சோலார் பேனல் வெயில் பட்டாலே மின்சாரம் தரும், சுவிட்சை அணைத்துவிட்டால் முடிந்தது என்கிற கதையே கிடையாது. பேனல்களைத் தொடராக இணைத்த ஒரு ஸ்டிரிங்கில் 1,000, 1,500 வோல்ட் டிசி வரைக்கும் ஓடும். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைச் சரியாகக் கிரிம்ப் செய்யாவிட்டாலும் (அழுத்திப் பொருத்தாவிட்டாலும்), லோடு ஓடும்போது பிடுங்கினாலும் தீப்பொறி பறக்கும். கையுறை, ஷூ, உயரத்தில் ஏறினால் முழு உடல் ஹார்னஸ், இவை கம்பெனி தருமா, இவனே வாங்க வேண்டுமா? கடைசி ஆளிடம் வேலைக்குப் போகும்போது இதைக் கேட்டுத்தான் ஆளை எடைபோட வேண்டும்.

இப்போது வண்டி. இதைத் தம்பி படிக்கட்டும்.

தம்பி, வண்டியிலேயே வாழ்வதைப் பற்றி நீ பார்க்கும் வீடியோக்கள் முக்கால்வாசி அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே வீட்டு வண்டிகளை நிறுத்த ஆர்வி பார்க் என்று தனியாக இடமே இருக்கிறது, மாத வாடகை கட்டினால் கரண்டு, தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு கொடுப்பார்கள். காற்றாலை, குழாய்வழி, டெலிகாம் வேலைக்குப் போகிறவர்கள் பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள். அந்த ஊரிலும் ஒரு கொக்கி உண்டு. சொந்த ஊரில் வீடோ வாடகையோ நிஜமாகச் செலவு செய்துகொண்டு வெளியூர் போனால்தான் நாள்படிக்கு வரி கிடையாது. வண்டி மட்டும்தான் வீடு என்றால் ஊர் ஊராகத் திரிகிறவன் என்று வரித்துறை கணக்கு வைக்கும், நாள்படியும் வருமானத்தில் சேர்ந்துவிடும். வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள், சூரிய அஸ்தமனத்தைத்தான் காட்டுவார்கள்.

நம் நாட்டில் அப்படி வரிசையாகப் பார்க் கிடையாது. சைட்டுக்குள்ளேயோ, பெட்ரோல் பங்கிலோ, தாபா ஓரமாகவோதான் நிறுத்த வேண்டும். கழிவறைக்கு சைட்டையோ பங்கையோ நம்பியிருக்க வேண்டும். நூறு லிட்டர் தொட்டி நாலு பேருக்கு, ஆளுக்கு ஒரு பக்கெட் குளியல் போக சமையலுக்குத் தாங்கினால் பெரிசு. எலக்ட்ரிக்கல் படித்தவன் நீ, கணக்குப் போடு. 12 வோல்ட், 200 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்றில் 2.4 யூனிட். லெட் ஆசிட் என்றால் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். ஒரு டன் ஏசி மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் தின்னும். கூரையில் 400 வாட் பேனல் வைத்தால் நல்ல வெயில் நாளில் ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட் வரும். ஆக ஏசி ராத்திரி முழுக்க ஓடாது, ஃபேனும் லைட்டும் போன் சார்ஜும் தாராளமாக ஓடும். கட்ச் பக்கம் மே மாதத்தில் தகர உடம்பு வண்டிக்குள் அந்த ஃபேனோடு தூங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் சொந்த வண்டி பற்றிப் பேசு.

ஏசி ஓடவில்லையே என்று ஜெனரேட்டரை வண்டிக்கு ஒட்டி வைத்து ஓட்டுவது, குளிருக்கு உள்ளே கரி அடுப்பு வைப்பது, இந்த இரண்டும் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள், ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். அதற்கென்று பேட்டரியில் ஓடும் அலாரம் விற்கிறார்கள். கம்பெனி வைக்கவில்லை என்றால் நீயே ஒன்று வாங்கி மாட்டு.

அந்த வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்றும் கேள். தனி டிரைவர் இருக்கிறாரா, இல்லை பகல் முழுக்க வெயிலில் பேனல் தூக்கிய ஆளே ராத்திரி அடுத்த சைட்டுக்கு ஓட்டுகிறானா? தொப்பூர் கணவாயைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தூக்கக் கலக்கமும் இறக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வண்டி ஓடும்போது படுக்கையில் படுக்காதே, சீட்டில் பெல்ட் போட்டு உட்கார். உன்னை ஓட்டச் சொன்னால், லைசென்ஸ் இருக்கிறதா என்பதோடு வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள், கார் லைசென்ஸ் அதுவரைக்கும்தான்.

சரி அக்கா, லோனுக்கு வருவோம். சொந்த வண்டி ஆசை தப்பில்லை, ஆனால் வண்டி வாங்குவதால் காண்டிராக்ட் வராது. வேலை தெரிந்தவன், சொன்ன தேதிக்கு முடிப்பவன் என்று நாலு சைட் இன்ஜினியர்களுக்குத் தெரிந்தால்தான் கூப்பிடுவார்கள். வண்டியை மாற்றுவதும் நினைத்த மாதிரி செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்சியில் அது ஏற வேண்டும். பட்டறையில் கட்டில் அடித்து, கேஸ் அடுப்பு பொருத்தி, அனுமதி இல்லாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கையை விரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்த வண்டி லோனுக்குப் பிணை உங்கள் மாந்தோப்பு. ஒரு வருடம் விளைந்து மறு வருடம் ஏமாற்றும் மரங்களை வைத்துக்கொண்டு, விலையைப் பத்திப் பேசவே வேண்டாம், மாதா மாதம் தவணை கட்டுவது உங்களால் ஆகாத காரியம்.

இரண்டு, மூன்று வருடம் அடுத்தவன் வண்டியில் இருக்கட்டும். அந்தக் காலத்தில் என்ன கற்கிறான் என்பதுதான் முக்கியம். சோலார் சைட்டில் தூண் நடுவது, பேனல் மாட்டுவது எல்லாம் கீழ்ப்படி வேலை, அதிலேயே நின்றுவிட்டால் முதுகுவலிதான் மிஞ்சும். மெக்கர் மீட்டர் பிடித்து இன்சுலேஷன் பார்ப்பது, எர்த் ரெசிஸ்டன்ஸ் அளப்பது, ஸ்டிரிங் டெஸ்ட், இன்வெர்டர் கமிஷனிங் (சோதித்து ஓட வைப்பது), இவற்றுக்கு நகர வேண்டும். ஆறு மாதத்துக்குள் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை என்றால் கம்பெனியை மாற்றலாம். போவதற்கு முன் நேரம் இருந்தால் சூர்யமித்ரா பயிற்சியை விசாரியுங்கள், சூரிய மின்சக்திக்கான தேசிய நிறுவனம் நடத்துவது, 600 மணி நேரம், கட்டணம் கிடையாது. காற்றாலைப் பக்கம் போக ஆசைப்பட்டால் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாலை நிறுவனத்தில் வாயுமித்ரா என்று ஒரு பயிற்சி இருக்கிறது. காற்றாலையில் பெரிய கம்பெனிகள் ஜிடபிள்யூஓ என்கிற உலகக் காற்றாலை அமைப்பின் பாதுகாப்புச் சான்று கேட்கும், உயரத்தில் வேலை செய்யும் பகுதியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவை கம்பெனி ஏற்றால் மட்டும் போகட்டும்.

ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்குப் பெண் யார் தருவார்கள் என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். மிலிட்டரிக்காரருக்குத் தருகிறார்கள், லாரி டிரைவருக்கும் தந்திருக்கிறார்கள். பையனுக்கு இப்போது இருபது வயது, அந்தக் கவலை இன்னும் நாலு வருடம் தூங்கட்டும். அதற்குள் ஊர் திரும்ப வழி இருக்கிறது. வீட்டுக் கூரையில் சோலார் வைக்க 2024-இல் மத்திய அரசு தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாய் மானியம். இதனால் தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் என்று எங்கும் பொருத்தத் தெரிந்த ஆள் தேவை. பெரிய சைட்டில் கமிஷனிங் பார்த்தவன் ஊரில் வீட்டுக் கூரையில் மூன்று கிலோவாட் போடுவதற்குத் திணற மாட்டான். அப்போது வண்டி வேண்டுமென்றால் ஏணி கட்ட ஒரு டாடா ஏஸ் போதும், தோப்பு பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் கணக்கு எல்லாவற்றிலும் காரிமங்கலம் முகவரியே இருக்கட்டும், சைட் முகவரிக்கு எதையும் மாற்ற வேண்டாம். சம்பளம் அவன் கணக்கில் மட்டும் விழ வேண்டும், மேஸ்திரி கையால் வாங்கும் பழக்கம் வேண்டாம். ஒரிஜினல் டிப்ளமோ சான்றிதழை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வரக் கூடாது, நகல் போதும். நியமனக் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், பிஎஃப், டபிள்யூ.சி., சும்மா இருக்கும் நாட்களின் சம்பளம், இந்த மூன்றையும் நான் பார்த்துச் சொல்கிறேன்.