5 வோல்ட்டில் டி.எஸ்.எல். லைன் டிரைவர் வடிவமைப்பது ஏன் இவ்வளவு கடினம்?

கேள்வி 5 வோல்ட் சப்ளையில் ஓடும் ஏ.டி.எஸ்.எல். (தொலைபேசிக் கம்பி வழி இன்டர்நெட்) லைன் டிரைவர் ஐ.சி., அதாவது சிக்னலைக் கம்பிக்குள் தள்ளும் ஆம்ப்ளிஃபயர் சிப் பற்றியது. முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள், சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலிருந்து 100 ஓம் லைனுக்குள் சுமார் 100 மில்லிவாட் போக வேண்டும், அதாவது ஆர்.எம்.எஸ். (சராசரி பவருக்கு ஈடான அளவு) 3.2 வோல்ட். ஆனால் நூற்றுக்கணக்கான கேரியர்கள் (டேட்டாவைச் சுமக்கும் தனித்தனி அதிர்வெண் அலைகள்) ஒன்றாகச் சேர்வதால் உச்சம் அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேலே, கிட்டத்தட்ட 17 வோல்ட் வரை எகிறும்.

5 வோல்ட்டில் இரண்டு ஆம்ப்ளிஃபயரை டிஃபரன்ஷியலாக (ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில்) ஓட்டினாலும், ரெயிலுக்கு (சப்ளையின் மேல், கீழ் எல்லைகளுக்கு) பக்கத்தில் கொஞ்சம் விட்டது போக, கையில் இருப்பது ±4 வோல்ட்தான். மீதியை டிரான்ஸ்ஃபார்மர்தான் ஏற்றித் தர வேண்டும். லைனுக்குப் பொருந்த தொடரில் ரெசிஸ்டர் வைத்தால் பாதி வோல்டேஜ் அதிலேயே போய்விடும், அப்போது டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதம் 8-ஐத் தாண்டும், உச்சக் கரண்ட் 1.4 ஆம்பியர் ஆகும். அதனால்தான் சின்ன ரெசிஸ்டரை வைத்து, ஃபீட்பேக்கால் அதைப் பெரிதாகக் காட்டும் ஆக்டிவ் டெர்மினேஷனைப் பலரும் எடுக்கிறார்கள். என் தேர்வும் அதுவே. ஆனால் வரும் சிக்னலும் அதே டிரான்ஸ்ஃபார்மரில் சுருங்கும், ரிசீவர் இரைச்சலை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அவுட்புட் நிலைக்கு என் தேர்வு காமன் சோர்ஸ் (ரெயிலுக்கு அருகே வரை ஆட வல்ல டிரான்சிஸ்டர் இணைப்பு), கிளாஸ் ஏபி (சும்மா இருக்கும்போது கொஞ்சம் கரண்ட் மட்டும் எடுக்கும் முறை). சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட்டைக் குறைத்தால் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து மற்றதற்கு மாறும்போது வரும் சிதைவு) தலைதூக்கும், ஏ.டி.எஸ்.எல். பேண்டின் மேல் எல்லையான 1.1 மெகாஹெர்ட்ஸில் அதை அடக்கப் போதுமான லூப் கெயின் (ஃபீட்பேக் பிழையைத் திருத்தும் வலிமை) இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.