வைகாசி விருந்து: நண்பர்களுக்கு வீட்டில் சமைக்கிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு முறையாவது பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எல்லாம் வீட்டுச் சமையல்தான். இப்போது வைகாசி. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், முருங்கை காய்த்துத் தொங்குகிறது, புது முண்டு மிளகாய் வந்துவிட்டது, நுங்கு தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. இந்த மாதத்து விருந்தைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, செய்து பார்த்துத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு தங்கை: அக்கா, கூடப் படித்தவர்கள் எட்டுப் பேர் சென்னையிலிருந்து வருகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, நண்டு மசாலா, மீன் குழம்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். தடைக்காலத்தில் இதெல்லாம் கிடைக்குமா?

அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள் தங்கச்சி. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வள்ளமும் நாட்டுப்படகும் கரைவலையும் உண்டு. மீன் வரும், ஆனால் கொஞ்சமாக வரும், விலையும் கூடுதல். என்ன மீன் வரும் என்று முதல் நாள் யாராலும் சொல்ல முடியாது.

நானும் ஒரு வருடம் இதே மாதத்தில் வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கரையில் இல்லை. ஒரு கடையில் எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ தெரியாத மீனை வாங்கிவந்தேன். கல்லில் போட்டதும் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. பன்னிரண்டு பேர் மாடியில் காத்திருந்தார்கள். அன்று கரையில் நல்ல நகரை மீன் துள்ளத் துள்ளக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால் தாளில் "குழம்புக்கு ஒரு மீன், பொரிக்க ஒரு மீன்" என்று மட்டும் எழுதுங்கள். விடியற்காலை கரைக்குப் போய், வந்திருப்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விளமீனோ பாறையோ இருந்தால் குழம்பு. நகரை இருந்தால் பொரியுங்கள், முள் எடுக்கத் தெரியாத சென்னைக்காரர்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள். காரல் மட்டும்தான் கிடைத்தது என்றால் மஞ்சள் போட்டுத் தண்ணியாகப் புளியாணம் வையுங்கள், சோற்றில் ஊற்றிக் குடிக்கிற மாதிரி. செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிந்து பிதுங்கி நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை பள்ளமாகாமல் எழும்ப வேண்டும். வீட்டு ஆட்களோடு சேர்த்துப் பத்துப் பேர் என்றால் குழம்புக்கும் பொரிப்பதற்கும் சேர்த்து முழு மீனாக இரண்டரை கிலோ போதும். இறாலும் நண்டும் வேறொரு மாதத்துக்கு இருக்கட்டும்.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: மாங்காய் போட்டு மீன் குழம்பு வைத்தால் ஒரு நேரம் புளிப்பு தூக்கலாகிவிடுகிறது, ஒரு நேரம் காரம் தூக்கலாகிவிடுகிறது. அளவு சொல்லுங்களேன் அக்கா.

எனக்குப் பிடித்த குழம்பைக் கேட்டுவிட்டீர்கள் லாத்தா. ஒரு கிலோ மீனுக்கு நான் வழக்கமாக 40 கிராம் புளி கரைப்பேன். மாங்காய் போடுகிற நாளில் 20 கிராம்தான். அதையும் மாங்காயைக் கடித்துப் பார்த்த பிறகுதான் கரைப்பேன். பல் கூசுகிற மாங்காய் என்றால் புளி இன்னும் குறையும். மாங்காயை முதலிலேயே போட்டால் கரைந்து குழம்பு முழுக்கப் புளித்துவிடும். குழம்பு கொதித்துப் பச்சை வாடை போன பிறகு மாங்காய், அது முக்கால் பதம் வெந்ததும் மீன், மீன் போட்டபின் கரண்டி கூடாது, சட்டியைப் பிடித்துச் சுற்றி அசைத்தால் போதும்.

காரத்துக்கு நம் முண்டு மிளகாய் இருக்கும்போது வேறு எதற்கு? 2023-ல் ராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பும் நம் அம்மாக்கள் அதைத்தான் அரைத்தார்கள். குண்டாக, தோல் தடித்து இருக்கும். காரம் சுள்ளென்று ஏறாது, நிறம் நன்றாக இறங்கும். தோல் தடிப்பாக இருப்பதால் அவசரமாக வறுத்தால் வெளியே கருகும், உள்ளே ஈரம் நிற்கும். சிறு தீயில், கையில் எடுத்து ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் கேட்கும்வரை வறுங்கள். புது மிளகாய் என்றால் அதற்கு முன் ஒரு நாள் வெயில் காட்டுவது நல்லது. கருகிய மிளகாயின் கசப்பைப் பிறகு எதைப் போட்டும் எடுக்க முடியாது.

அப்புறம் ஒன்று: புளிக் குழம்பை மூன்று நான்கு மணிக்கே வைத்து இறக்கிவிடுங்கள். ராத்திரிக்குள் மீனில் சாறு ஏறிவிடும். பரிமாறும் முன் ஒரு கொதி.

தொண்டியிலிருந்து: வருகிறவர்களில் இரண்டு பேர் சைவம். அவர்களுக்கென்று தனியாக ஏதோ ஒப்புக்குச் செய்த மாதிரி ஆகக் கூடாது.

இந்த மாதத்தில் அந்தக் கவலை வேண்டாம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்டு, முண்டு மிளகாயும் தேங்காயும் அரைத்த ஒரு புளிக்குழம்பு, பாசிப்பருப்பு போட்ட முருங்கைக்கீரை, மிதுக்க வத்தல் பொரித்தது. இதை எல்லோருக்குமாகச் செய்யுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களும் இரண்டாம் முறை கேட்பார்கள். சைவத்தை முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டு அப்புறம் மீன் சட்டியைத் தொடுங்கள். கரண்டி தனி, எண்ணெய் தனி. சம்பலில் மாசிக் கருவாடு போடுகிற வீடு என்றால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பார்த்தால் தெரியாது.

பருப்பை மட்டும் குடத்தில் வாங்கும் குடிநீரில் வேக வையுங்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், எத்தனை விசில் விட்டாலும் பருப்பு குழையாது.

சாயல்குடியிலிருந்து ஒரு தம்பி: ராத்திரி விருந்தில் பதநீர் கொடுக்கலாமா அக்கா?

கூடாது தம்பி. பதநீர் காலையில் இறக்கியது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அதுவரை புளிக்காமல் இருக்கிறது. இந்த வெயிலில் சாயங்காலம் வரை தாங்காது. காலையிலேயே வாங்கி வடிகட்டி, சூட்டோடு சூடாகப் பச்சரிசி போட்டுப் பொங்கலாக்கிவிடுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்கு ஐந்து டம்ளர் பதநீர், கொஞ்சம் பாசிப்பருப்பு, நிறையத் தேங்காய்த் துருவல். அரிசியும் பருப்பும் தண்ணீரில் அரை வேக்காடு வெந்தபின் பதநீரை ஊற்றினால்தான் நன்றாகக் குழையும். சர்க்கரை வேண்டாம். உங்கள் ஊர் பனங்காடு சூழ்ந்த ஊர், வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல இனிப்பு கடையில் கிடையாது. குடிக்க நுங்கு போட்ட நன்னாரி சர்பத்து கொடுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: தேங்காய்ப்பால் குழம்பு ஒவ்வொரு முறையும் திரிந்துவிடுகிறது.

முதல் பாலைக் கடைசியில் ஊற்றுங்கள், ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணையுங்கள். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் இறக்கிய பிறகு. இதைப் புளிக் குழம்பு மாதிரி முன்கூட்டி வைத்துவிடாதீர்கள், இந்தச் சூட்டில் கெட்டுவிடும்.

தேவிபட்டினத்திலிருந்து: ஒரு தோழிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அவளுக்கு மட்டும் பரிமாறாமல் இருந்தால் போதாதா?

போதாது. இறால் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்துக் கொடுத்தாலே சிலருக்கு உதடு வீங்கிவிடும், மூச்சுத் திணறலும் வரலாம். அன்றைக்கு வீட்டில் இறாலும் நண்டும் வேண்டாம். கூப்பிடும்போதே எல்லோரிடமும் கேட்டுவிடுவது நம் பொறுப்பு.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி: நண்பர்களைக் கூப்பிட்டுவிட்டு நான் அடுப்படியிலேயே நிற்கிறேன். அவர்கள் சிரிக்கிற சத்தம்தான் கேட்கிறது.

இதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. சோறு போடுவதற்காக மட்டுமா கூப்பிட்டோம், கூட உட்காரத்தானே கூப்பிட்டோம்? பதார்த்தம் குறைந்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாததுதான் அவர்களுக்குக் குறை. சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல், ஒரு பொரித்த மீன், ஒரு இனிப்பு. இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். காலையில் மீன் கழுவி மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று, மதியம் இனிப்பு, நான்கு மணிக்குக் குழம்பு, ஆறரைக்குச் சோறு வடித்துவிட்டுக் குளித்து வேறு புடவை மாற்றிக்கொள்ளுங்கள். வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். நுங்கைத் தோண்டித் தோல் உரிக்கும் வேலையை அவர்கள் கையில் கொடுங்கள், முதல் முறை செய்கிறவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். மீன் பொரிப்பது மட்டும்தான் கடைசி நேர வேலை. அடுப்பை மாடிக்கே கொண்டுபோய்விட்டால் பேச்சு நடுவிலேயே அதுவும் முடிந்துவிடும்.

பெரியபட்டினத்திலிருந்து: மாடியில் சாப்பாடு போட்டால் காற்று தாங்க முடியவில்லையே?

கச்சான் என்கிற மேற்குக் காற்று தொடங்கிவிட்டது, இனி கூடத்தான் செய்யும். வாழையிலையைத் தனியாகப் போட்டால் பறந்துவிடும், தட்டில் வைத்து இலை போடுங்கள். மேற்கே ஒரு தார்ப்பாயோ பழைய போர்வையோ கட்டினால் சோற்றில் மணல் விழாது. அடுப்புக்கும் அந்த மறைப்பு வேண்டும், ஆனால் துணி தீக்கு எட்டாத தூரத்தில்.

பாம்பனிலிருந்து: எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு பேர் வந்து நின்றால்?

மீனை இரண்டாக நறுக்காதீர்கள், குழம்பில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். இன்னும் நான்கு பேருக்கு அரைக் கிலோ அரிசி ஏற்றி, பக்கத்து அடுப்பில் மிளகு ரசம் வைத்துவிடுங்கள். முட்டை ஆறு அவித்து, மீன் பொரித்த கல்லிலேயே அந்த மசாலாவில் புரட்டுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ரசமும் வத்தலும் கூடுதலாகும். இருபத்தைந்து நிமிடம் போதும், அதுவரை வந்தவர்களுக்கு நுங்கு இருக்கிறது.