சர்ச் கார் பார்க்கிங்கில் குறைந்த வாடகை வீடு கட்டலாமா?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் எங்கள் சபைக்கு அரை ஏக்கர் கார் பார்க்கிங் இருக்கிறது. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் காலி. அங்கே குறைந்த வாடகை வீடுகள் கட்ட முடியுமா?

முடியும். 2024 ஜனவரி 1-லிருந்து நடைமுறையில் உள்ள கலிஃபோர்னியாவின் எஸ்பி 4 சட்டம் (மத நிறுவனங்களின் நிலத்தில் குறைந்த வாடகை வீடு கட்ட வழிசெய்யும் மாநிலச் சட்டம்), அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ சபைக்குச் சொந்தமாக இருந்த நிலத்துக்குப் பொருந்தும். நிபந்தனைகள் சரியாக இருந்தால் நகராட்சி அனுமதி கொடுத்தே ஆகவேண்டும். அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்துத் தடுக்க முடியாது.

ஆர்க்கிடெக்டைத் தேடும் முன் பழைய பத்திரத்தைத் தூசு தட்டி எடுங்கள். நிலத்தைத் தானம் கொடுத்தவர், 'ஆராதனைக்கு மட்டும், தவறினால் வாரிசுகளுக்கே திரும்பும்' என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். அந்த வரி இருக்கும்வரை எந்த வங்கியும் கடன் தராது. மெதடிஸ்ட் சபை என்றால் இன்னொரு முடிச்சு: சொத்து மொத்தத் திருச்சபைக்காகவும் அறக்கட்டளைப் பொறுப்பில் இருப்பது, உள்ளூர்க் கமிட்டி கையெழுத்து மட்டும் போதாது.

நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடுவதே என் கட்சி. கட்டடம் லாபநோக்கற்ற வீட்டுவசதி நிறுவனத்துடையது, மண் உங்களுடையது. வாடகை வீடுகள் 55 ஆண்டு குறைந்த வாடகையிலேயே இருக்கவேண்டும் என்பது சட்டம். அதனால் குத்தகை அதைவிட நீளமாகத்தான் கேட்பார்கள், 99 ஆண்டுகூட. கடனுக்கு மண்ணையும் ஈடு வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சர்ச்சும் பார்க்கிங்கும் ஒரே மனையில் இருந்தால் குத்தகைப் பகுதியை முதலில் அளந்து தனியே பிரிக்கவேண்டும். நிலத்துக்காக உங்களுக்குத் தரவேண்டிய ஆண்டு வாடகையைப் பெரும்பாலும் 'மிச்சம் இருந்தால் தருகிறோம்' என்றுதான் எழுதுவார்கள். மிச்சம் இருக்காது! கையெழுத்தன்றே ஒரு தொகையை வாங்கிவிடுங்கள்.

குடியிருப்புப் பகுதியில் ஏக்கருக்கு 30 வீடு என்று வைத்தால் உங்களுக்கு 15. முழுக்கக் குறைந்த வாடகைத் திட்டம் என்பதால் 80 சதவீதப் போனஸ், அதாவது கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் அனுமதி, சேர்ந்து 27. வரிக்கடன் (வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை) பெறுவதற்காக இத்தகைய வீடுகளில் பணம் போடும் முதலீட்டாளர்களுக்கு இது சின்னது. வக்கீல், தணிக்கைச் செலவு 27 வீட்டுக்கும் 60 வீட்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அரை மைலுக்குள் மெட்ரோ நிலையம் இருந்தால் அந்த எண்ணிக்கை வரம்பும் போய்விடும், வீடுகளுக்குப் பார்க்கிங்கும் கட்டாயமில்லை.

“வீடு நம்ம சபையாருக்குத்தானே?” என்று யாராவது கேட்பார்கள். இல்லை. சபை ஊழியர்களுக்கு 5 சதவீதம் வரை ஒதுக்கலாம். மற்ற வீடுகள் வருமான வரம்புக்குள் இருக்கும் யாருக்கும் பொது. இதைச் சபையின் ஓட்டெடுப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.